வடக்குச் சுவத்துச் சிமெண்டு

தட்ட ஆரம்பிச்சிட்டு அந்தம்மா. டொக், டொக். மாடி ரூம்புல ஜன்னலுக்கு இடப்பக்கத்துத் தூணு. பாக்காமலே சொல்லிருவேன், பதினெட்டு வருஷமா இந்த வீட்டுக்குள்ளதான கெடக்கேன், எந்தப் பலகையை மிதிச்சா எங்க முனங்கும்னு எனக்குத் தெரியாதா. நான் கீழ அடுக்களையில நிக்கேன். ஊறவெச்ச கடலப்பருப்பு முன்னால இருக்கு, அரைக்கணும், ஆனா மிக்ஸியப் போட்டா மேல பேசுறது கேக்காது. கேக்காம இருந்தா நிம்மதிதான், ஆனா கேக்காம இருக்க முடியல. "வேலு, அந்தம்மா போறதுக்குள்ள நாலு ஆமவட போட்டுரு, வெள்ளக்காரங்க நம்ம வடைன்னா உசுர விட்டுருவாங்க"ன்னு சொல்லிட்டு இவரு மேல போனாரு. டாக்டர் ஆவுடையப்பன், என் வீட்டுக்காரரு. ரிட்டயராகி மூணு வருஷமாச்சு, இப்ப அவரு பாக்குற ஒரே நோயாளி இந்த வீடுதான். பழைய வீடுகளப் பாக்குறதுக்குக் கவுன்சில்லருந்து வந்திருக்கிற அந்தம்மா பேரு மார்ஜரி. அம்பது வயசிருக்கும், ஆம்பள பூட்ஸு, இடுப்புல ஒரு குட்டிச் சுத்தியலு, ஒரு கூரான ஊசி. மரத்த மொதல்ல தட்டிப் பாக்கும், சத்தம் சரியில்லன்னா ஊசியால குத்தும். நல்ல ஓக்கு மரம்னா ஊசி நுனிகூட எறங்காதாம். உளுத்துப் போயிருந்தா கைப்பிடி வரைக்கும் போயிருமாம். பின்பக்கத்து ரூம்புல வடக்கு மூலை ஒரு இஞ்சு கீழ எறங்கியிருக்கு, கதவு சாத்த மாட்டேங்குது, அதுக்குத்தான் வந்திருக்கு. நேரா அங்க போக வேண்டியதுதான? இவரு விடுவாரா? வீடு பூராவும் சுத்திக் காட்டாம யாரையும் விட்டதில்ல. சீக்கிரம் அங்க போய்த் தொலையட்டும்னும் இருக்கு, போகவே கூடாதுன்னும் இருக்கு. ஏன்னா அந்த வடக்குச் சுவத்துக்குச் சிமெண்டு பூசச் சொன்னது நான். இவருக்குத் தெரியாம. பதினாறு வருஷமா அத வயித்துக்குள்ளயே வெச்சிருக்கேன்.

"ஆயிரத்து ஐநூத்தி அறுவதுல எழுப்பினது"ங்காரு மேல. பலகை இடுக்கு வழியா ஒவ்வொரு சொல்லும் உதுந்து விழுது. இந்த வீட்டுல ரகசியம் பேச முடியாது, மேல இருமினா கீழ கேக்கும், ஆனா ரகசியமா ஒண்ண வெச்சிருக்க முடியும் போல, நான் வெச்சிருக்கேனே. இப்ப உத்தரத்துல வெட்டியிருக்கிற அடையாளத்தக் காட்டுதாரு, எனக்கு மனப்பாடம். அந்தக் காலத்துத் தச்சமாரு மொதல்ல மொத்தச் சட்டத்தையும் தரையில படுக்கப் போட்டுச் சேத்துப் பாப்பாங்களாம். எந்தத் தூணு எந்த விட்டத்துல சொருகணும்னு சோடிக்குச் சோடி கோடு போட்டு நம்பர் வெட்டுவாங்களாம். ஒண்ணு, ரெண்டு, மூணு. பொறவு அத்தனையும் பிரிச்சு வண்டியில ஏத்திக் கொண்டாந்து, நம்பர் பாத்து நிறுத்தி, மர ஆணி அடிச்சிருவாங்களாம். ஒரு இரும்பு ஆணி கெடையாது பாருங்கம்பாரு. வந்தவங்க உத்தரத்தத் தடவித் தடவிப் பாப்பாங்க. நானும் ஒருநாள், யாரும் இல்லாதப்ப, ஸ்டூலப் போட்டு ஏறித் தடவிப் பாத்தேன். நல்லா ஆழமாத்தான் வெட்டியிருக்கான். நானூத்தி அறுவது வருஷத்துக்கு முன்னால ஒரு மரத்துக்குப் போட்ட நம்பரு இன்னும் அழியல. எங்க பூவம்மாவுக்குப் பொறந்த தேதி கெடையாது. என் தங்கச்சி. ஆடியில பொறந்தான்னு அம்மா சொல்லுவா, ஆடியில எத்தன நாள் இருக்கு. போன தேதி மட்டும் எனக்குத் தெரியும், ஏன்னா அன்னைக்கு ஸ்கூல்ல போர்டுல எழுதிப் போட்டிருந்தாங்க. சே, இப்ப எதுக்கு அது. பருப்பக் களையுறேன், ஏற்கெனவே களைஞ்ச பருப்பு, தண்ணி தெளிவாத்தான் இருக்கு, மறுபடியும் களையுறேன்.

மாடிப்படி முனங்குது. எறங்குதாங்க. எறங்கினதும் நேரா முன்கூடத்துக்குத்தான் போவாரு, கண்ணாடிப் பெட்டியக் காட்ட. அந்த எளவெடுத்த கண்ணாடி. இந்த வீட்டுச் சுவரு பூரா மண்ணுதான், நம்புவீகளா? ஓக்குச் சட்டத்துக்கு நடுவுல நெடுக்க கழிய நிறுத்தி, குறுக்க மெல்லிசான குச்சியப் பின்னி, அதுமேல களிமண்ணு, வைக்கோலு, மாட்டுச்சாணி மூணையும் காலால மிதிச்சுக் கொழைச்சு அப்பியிருக்கான். மேல சுண்ணாம்பு. வாங்கின புதுசுல முன்கூடத்துச் சுவத்துல ஒரு முழ அகலத்துக்குச் சுண்ணாம்பச் சொரண்டி, உள்ள இருக்கிற குச்சியும் மண்ணும் தெரியிற மாதிரி விட்டு, கண்ணாடி போட்டு, மேல ஒரு சின்ன பல்பும் மாட்டினாரு. அதுக்குக்கூட கவுன்சில்ல எழுதிக் கேட்டுத்தான் செஞ்சாரு. இந்த மாதிரிப் பழைய வீட்டுல கேக்காம ஒண்ணும் செய்யக் கூடாது, செஞ்சா கேஸு, கோர்ட்டு, செஞ்சது யாருன்னு தேடிப் பிடிச்சு நிறுத்துவான். சரி. பல்பு போட்டாரா? நான் டூட்டி முடிஞ்சு வந்து கதவத் தெறந்தா எதுக்க எங்க வீட்டுச் சுவரு. வெளிச்சம் போட்டு வெச்சிருக்கு. விளாத்திகுளத்துக்குத் தெக்க, கரிசக்காட்டுல, மழ பேஞ்சா கரையுற அதே சுவரு. சாணி மிதிச்ச காலு இது, எனக்குத் தெரியாதா? அதுலருந்து தப்பிக்கத்தான படிச்சேன், கான்வென்ட் சிஸ்டர் கையக் காலப் பிடிச்சு நர்ஸ் டிரெயினிங் சேந்தேன், கடல் தாண்டி இந்தச் சீமைக்கு வந்தேன். வந்தா இங்க கண்ணாடிக்குள்ள இருந்து இளிக்குது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அதத் தொடைக்கிறதும் நான்தான். "என்ன வேலு, சூடம் காட்டலியா"ன்னு கேலி வேற.

இவருக்கு மண்ணு அழகு. ஏன் அழகா இருக்காது? பாளையங்கோட்டையில மூணு கட்டு வீடு, தேக்குத் தூணு, செட்டிநாட்டுக் கல்லு. மண்ணு இவரு மேல விழுந்ததில்ல. என்னக் கட்டினதும் அந்த மண்ணு ஆசையிலதானோன்னு சில நேரம் தோணும். தப்புத்தான், அப்படி நெனைக்கக் கூடாது, நல்ல மனுஷன், ஒரு பைசா கேக்காம, சாதி பாக்காம, வீட்ட எதுத்துக்கிட்டுக் கட்டினாரு. அவுக அம்மா சாகுற வரைக்கும் என்ன அடுக்களைக்குள்ள விடல, இவரு அதுக்காக அவுககூடப் பேசாம இருந்தாரு. எல்லாம் சரிதான். ஆனா அதையும் சொல்லிக் காட்டுவாரே. விருந்துக்கு வந்தவங்களுக்கு மொதல்ல புகைக்கூண்டு, பொறவு தச்சன் போட்ட நம்பரு, பொறவு கண்ணாடிக்குள்ள மண்சுவரு, கடைசியில சாப்பாட்டு மேசையில நான். "என் மனைவி ஒரு குடிசையில பொறந்தவ, நம்ப முடியுதா?" வெள்ளக்காரிக எல்லாம் என்னப் பாத்துத் தலையச் சாச்சு ஒரு சிரிப்புச் சிரிப்பாளுக. நான் சாம்பார் ஊத்துவேன். ஏ வேலுத்தாயி, உனக்கு வாய் இல்லயா? இருந்துச்சே. வார்டுல பெரிய டாக்டரையே நிறுத்திக் கேள்வி கேட்டவதான. வீட்டுக்குள்ள வந்தா எங்க போச்சு அந்த வாயி?

முன்கூடத்துல இன்னும் பேசுதாரு. அந்தம்மா "ம்"னு மட்டும் சொல்லுது. அதுக்குக் கதை வேண்டாம் போலருக்கு, மரம்தான் வேணும். எண்ணெய்ச் சட்டிய அடுப்புல வெச்சேன், பத்த வெக்கல. வெளிய மழை வரப் பாக்குது, அக்டோபர் மழை, ஊர்ல இது ஐப்பசி. பூவம்மா போனதும் ஐப்பசிதான். மூணு நாள் அடைமழை, நாலாம் நாள் காலையில வெயிலு அடிச்சிது. மழை நின்னாச்சுன்னு அம்மா களையெடுக்கப் போயிட்டா, நான் ஸ்கூலுக்குப் போயிட்டேன், அவ சுவத்தோரம் சாக்கு விரிச்சுப் படுத்திருந்தா, லேசாக் காய்ச்சலு. நாலு வயசு. மழையில சுவரு விழாது, தெரியுமா? தண்ணியக் குடிச்சிட்டு நிக்கும். வெயில் அடிச்சப் பொறவுதான் சாயும். எங்க தெருவுல எல்லாருக்கும் அது தெரியும், அம்மாவுக்கும் தெரியும், ஆனா கூலிக்குப் போகாம என்ன செய்ய? நான் வந்து பாக்கும்போது சுவரு இருந்த எடத்துல வானம் தெரிஞ்சிது. அவ்வளவுதான். இதுக்கு மேல அதுக்குள்ள போக மாட்டேன். இவருகிட்ட ஒருதடவ சொன்னேன், இந்த வீட்டுக்கு வந்த மொத வருஷம். மக செங்கமலத்துக்கு அப்ப ஆறு வயசு, பின்பக்கத்து ரூம்புல வடக்குச் சுவத்தோரம் அவ கட்டிலு. மழ பேஞ்சா அந்தச் சுவத்துல கைய வெச்சா சில்லுன்னு இருக்கும், விரல் ஈரமாகும். கட்டில நடுவுக்கு இழுத்துப் போட்டேன். இவரு மறுபடியும் சுவத்தோரம் தள்ளினாரு. எதுக்கு நடு ரூம்புல கப்பல் மாதிரின்னாரு. அப்பத்தான் சொன்னேன், பூவம்மா கதைய, முழுசா, அழாம. கேட்டாரு. கைய எல்லாம் பிடிச்சிக்கிட்டாரு. கேட்டுட்டு என்ன சொன்னாருங்கீங்க? "உங்க வீட்டுச் சுவத்துக்குச் சட்டம் கெடையாது வேலு, அதான் விழுந்தது. இங்க பாரத்தத் தாங்குறது ஓக்கு. மண்ணு சும்மா நடுவுல நிக்குது. நீ பயப்படவே வேண்டாம்." பாடம் எடுத்தாரு. என் தங்கச்சி எதனால செத்தான்னு எனக்குப் பாடம் எடுத்தாரு. சட்டம் இல்லாததால செத்தாளாம்.

அதுக்கு மறுவருஷம் இவுக அப்பா தவறிப் போனாரு. காரியத்துக்குப் போனவரு இருவத்திரெண்டு நாள் ஊர்ல இருந்தாரு. இவரு ஏர்போர்ட்டுக்குப் போன மறுநாளே கெவின்னு ஒரு ஆளப் பிடிச்சேன், ஆஸ்பத்திரியில வண்டி நிறுத்துற எடத்துக்குக் கரை கட்டிட்டு இருந்தவன். இந்த வீட்டுக்குச் சிமெண்டு பூசலாமான்னு அவன் கேக்கல, பூசலாமான்னு எனக்கும் தெரியாது, சிமெண்டுன்னா உறுதி, அதுல என்ன கேள்வி? எங்க ஊர்ல சிமெண்டு வீடுன்னா மனுஷன் நிமிந்து நடப்பான். மொத சம்பளத்துல இருந்து சேத்து அய்யாவுக்கு ஒரு காரவீடு கட்டிக் குடுத்தப்ப, அவரு காலையில எந்திரிச்சு மொத வேலையாச் சுவத்த உள்ளங்கையால அடிச்சுப் பாப்பாரு, ஒவ்வொரு நாளும், கைக்கு வலிக்குதான்னு. வலிச்சாச் சந்தோஷம். நாலு நாள் வேல. வெளிப்பக்கம் வடக்குச் சுவரு பூராவும், உள்பக்கம் கட்டிலு உயரத்துக்கு. மேல அதே வெள்ளைய அடிச்சாச்சு. ஊர்லருந்து வந்தவரு மொட்டத் தலையோட சுத்திச் சுத்தி வந்தாரு, ஒண்ணும் கேக்கல. அன்னைக்கு ராத்திரிதான் இந்த வீட்டுல நான் மொதமொதல்ல தூங்கினேன். மூணு வருஷம் நல்லாத் தூங்கினேன். பொறவு சுவத்துல ஒரு கீறல் விட்டுச்சு, இவரு சொரண்டிப் பாத்தாரு, சிமெண்டு. "எவனோ ஒரு மடையன்"னு கத்தினாரு. எங்களுக்கு முன்னால இந்த வீட்டுல இருந்த கெழட்டுப் பண்ணைக்காரன் வேலையா இருக்கும்னு அவரா சொல்லிக்கிட்டாரு. அந்த ஆளு செத்துப் போயிட்டான், நான் பேசாம இருந்துட்டேன். அன்னைக்கே சொல்லியிருந்தா? சொல்லல. ஒரு நாள் சொல்லாம விட்டா மறுநாள் சொல்ல முடியாது, அப்படியே பதிமூணு வருஷம் ஓடிரும்.

சொல்லாம விட்டதுக்குக் கூலி வாங்கிட்டேன். அதுக்கப்புறம் விருந்துல மண்சுவத்துக்கும் எனக்கும் நடுவுல ஒரு கதை கூடிப் போச்சு. "மண்ணு மூச்சு விடும்ங்க. மழைய உள்ள வாங்கும், வெயில்ல வெளிய விட்டுரும். சிமெண்டப் பூசினா உள்ள போன தண்ணி வெளிய வர முடியாது, கீழ எறங்கி, தூணுக நிக்கிற அடிக்கட்டைய உளுக்க வெச்சிரும். நானூத்தி அறுவது வருஷமா மூச்சு விட்ட வீட்டுக்கு எவனோ ஒரு மடையன் மூக்கப் பொத்திட்டான். மாட்டுக்கொட்டாய்க்கும் வீட்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மம்." இதுக்குத்தான் எல்லாரும் சிரிப்பாங்க. சொல்லிட்டு என்னையும் ஒரு பார்வ பாப்பாரு. நானும் சிரிப்பேன். சிரிக்கலன்னா கண்டுபிடிச்சிருவாரேன்னு கொஞ்சம் சத்தமாவே சிரிப்பேன். அப்படி ரசம் ஊத்திக்கிட்டே சிரிச்ச ஒரு நாள்தான் எனக்கு உறைச்சுது. எம்மா, அப்ப சுவத்த விழ வெக்கிறதே நான்தானா? விழாம இருக்கணும்னு நான் பூசினதுதான் அத உள்ளுக்குள்ள ஊற வெக்குதா? அன்னையிலருந்து செங்கமலம் அந்தக் கட்டில்ல படுக்கும்போதெல்லாம் நான் வாசல்ல நின்னேன். பதினோரு வயசுப் பிள்ள, "போம்மா, தூங்க விடு"ம்பா. மாடி ரூம்புக்கு மாத்தணும்னு மல்லுக்கு நின்னு மாத்தினேன், காரணம் சொல்லல. இப்ப அவ வேற ஊர்ல வேலையில இருக்கா, பத்திரமா, பத்தாவது மாடியில, கான்கிரீட்டு.

போயிட்டாங்க. பின்பக்கத்து ரூம்பு. கதவு தரையில ஒரசுற சத்தம். டொக்குனு தட்டுது, அது தூணு. டொக். டொக். பொறவு குனிஞ்சிருக்கும், கீழ அடிக்கட்டையில தட்டுது. தொப். மறுபடியும் தொப். ஊசியக் குத்துது போல, சத்தமே இல்ல. கைப்பிடி வரைக்கும் போயிருக்கும். பொறவு சுவத்துல என்னமோ கொத்துற சத்தம், சில்லு சில்லா உதிருது, என் சிமெண்டு. கை தன்னால அடுப்ப அணைக்கப் போகுது, நான் பத்த வெக்கவே இல்ல. இவரு ஆரம்பிச்சிட்டாரு, எனக்குத் தெரியும் ஆரம்பிப்பாருன்னு, "எவனோ ஒரு மடையன்..." அந்தம்மா சிரிக்கல. அந்தம்மா சொல்லுது, தெளிவா, பள்ளிக்கூடத்து டீச்சர் குரலுல: "இது பழைய ஆளு போட்டது இல்ல டாக்டர். உள்ள பிளாஸ்டிக் வலை வெச்சிருக்காங்க. இந்த மாதிரி வலை வந்தே பதினேழு வருஷம்தான் ஆகுது. நீங்க வீடு வாங்கினப் பொறவு நடந்த வேல இது." பொறவும் அந்தம்மாதான் பேசுது. "நான் ரிப்போர்ட்டுல எழுதணும். யாரு செஞ்சது?" இவரு கொஞ்சம்கூடத் தயங்கல. "வாய்ப்பே இல்ல. அந்தப் பண்ணைக்காரரு கடைசிக் காலத்துல பண்ணியிருப்பாரு." செத்த மனுஷன் மேல இன்னொரு தடவ பழி. நான் எப்ப அடுக்களையிலருந்து நடந்தேன்னு தெரியல. அந்த ரூம்பு வாசல்ல நிக்கேன், கையில பருப்புத் தண்ணி சொட்டுது.

அந்தம்மா முட்டி போட்டு உக்காந்திருக்கு. அடிக்கட்டையில பெரிய ஓட்டை, கறுப்பா, தூளு தூளா. நான் இவரப் பாத்துத் தமிழ்ல சொன்னேன்.

"ஏங்க, நான்தான். நீங்க மாமா காரியத்துக்குப் போயிருந்தப்ப நான்தான் பூசச் சொன்னேன்."

பதினாறு வருஷம் எத்தன விதமா இத நெனச்சிருக்கேன். கத்துவாருன்னு, அழுவாருன்னு, பேசாமப் போயிருவாருன்னு. இவரு அந்தம்மாவப் பாத்து லேசா ஒரு சிரிப்புச் சிரிச்சிட்டு, அதே சிரிப்போட என்கிட்ட மெதுவாச் சொன்னாரு.

"தெரியும். நீ உள்ள போ."

"தெரியுமா?"

"ஊர்லருந்து வந்த வாரமே தெரியும்ளா. எதுத்த வீட்டுக்காரன் சொன்னான், உங்க வீட்டுல நாலு நாளா சிமெண்டு கலக்குற மெஷின் ஓடிச்சேன்னு. இப்ப அதுக்கு என்ன? கேஸாயிரும், வாய மூடிக்கிட்டு உள்ள போ."

எனக்கு மொதல்ல புரியல. வந்த வாரமே. அப்ப மூணு வருஷம் கழிச்சுச் சொரண்டிப் பாத்துக் கத்தினது? பதிமூணு வருஷமா மேசைக்கு மேசை சொன்ன மடையன்? மாட்டுக்கொட்டாய்க்கும் வீட்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மம்?

"அப்ப எதுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் அப்படிச் சொன்னீங்க?"

"சும்மா ஒரு தமாஷுக்கு. நீயாச் சொல்லுதியான்னு பாத்தேன், சொல்லல. விடேன், யாருக்குத் தெரியும்? நீயும்தான சிரிச்ச."

ஆமா, சிரிச்சேன். இவரு சொல்றது பொய்யில்ல. ஒவ்வொரு தடவையும் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொல்லியிருக்காரு, நான் மாட்டிக்கக் கூடாதேன்னு பல்லக் காட்டியிருக்கேன், அதப் பாத்து ரசிச்சுக்கிட்டே ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்காரு. நான் எதுக்குப் பூசினேன்னும் இந்த மனுஷனுக்குத் தெரியும், அதையும் என் வாயால கேட்டவருதான. அடப் பாவி. அந்தம்மா எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்குது. "ஒண்ணுமில்ல, வடை ரெடிங்கா என் மனைவி"ன்னு இங்கிலீஷ்ல சொன்னாரு. வடைங்காரு. கைய முந்தானையில தொடச்சேன். வார்டுல பேசுற குரலு எங்கருந்தோ வந்திட்டு, இங்கிலீஷ்ல.

"மேடம், எழுதிக்கோங்க. இந்தச் சிமெண்ட நான்தான் போட்டேன். யார்கிட்டயும் கேக்கல. அவருக்கு நான் சொல்லல, ஆனா அவருக்குத் தெரியும், பதினாறு வருஷமாத் தெரியும். அதையும் எழுதிக்கோங்க."

இவரு "வேலு"ன்னாரு. "அவளுக்கு ஒடம்பு சரியில்ல"ன்னாரு. அந்தம்மா எந்திரிச்சு நின்னு, முட்டியில ஒட்டின தூளத் தட்டிவிட்டு, அட்டையில மாட்டியிருந்த காகிதத்தப் பெரட்டிச்சு.

"நீங்களும் இந்த வீட்டுக்கு உரிமையாளரா?"

"இல்ல. வீடு அவரு பேருல இருக்கு."

"செஞ்சது யாருங்கிற எடத்துல உங்க முழுப் பேரு வேணும்."

சொன்னேன். மெதுவாச் சொன்னேன், அந்தம்மா திருப்பிக் கேட்டுச்சு, மறுபடியும் சொன்னேன். எழுதிட்டு, சரியான்னு என்கிட்ட காட்டிச்சு. பதினெட்டு வருஷத்துல இந்த வீட்டுக் காகிதம் ஒண்ணுல என் பேரு ஏறினது இன்னைக்குத்தான்.